வாசகர் கேள்வி – பதில்: தாய்க்குழுவும் தனிக்குழுவும்

கேள்வி: ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பயிற்சி அளிக்க வந்திருக்கும் ஜப்பானியப் பொறியாளர் ஒருவர், தக் மட்சுமோட்டோ என்ற ராக் கிட்டார் கலைஞரைக் கேட்கச் சொன்னார். ‘பீஸ்’ (B’z) என்ற ஜப்பானிய ராக் குழுவில் புகழின் உச்சியில் இருந்த அவர், 2004இல் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு குழுவைத் தொடங்கியது ஏன்? கூட்டாளியோடு மனக்கசப்பா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மனக்கசப்பு என்றால் தாய்க்குழு கலைந்திருக்க வேண்டும், அது கலையவில்லை. மறு ஆண்டே, 2005இல், ‘தி சர்க்கிள்’ என்ற புதிய ஆல்பத்தை பீஸ் வெளியிட்டது. 1988 செப்டம்பரில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட இந்தக் குழுவில் நிரந்தர உறுப்பினர்கள் இருவரே: மெட்டமைத்துக் கிட்டார் வாசிப்பவர் மட்சுமோட்டோ, பாட்டெழுதிப் பாடுபவர் கோஷி இனாபா. ஜப்பானில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்ற குழு இது. வெளியே சென்று தனியாகப் பாடிப் பார்ப்பதை இனாபாவும் 1997இலேயே ‘மாக்மா’ என்ற தனி ஆல்பத்தின் மூலம் செய்துவிட்டார். மட்சுமோட்டோவுக்கோ பீஸின் அறிமுகத்துக்குச் சில மாதங்கள் முன்பே ஒரு தனி ஆல்பம் உண்டு. ஆகவே தனிவழி என்பது இந்த இருவருக்கிடையே திடீரென்று முளைத்த ஒன்றன்று.

ஏன் என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இசைக்குள்ளேயே இருக்கிறது. இனாபாவின் குரல் உச்சத்தில் சீறிப் பாய்வது. பதினைந்து ஆண்டுகளாக ஒரே குரலுக்கு மெட்டமைப்பவரின் கை, அந்தக் குரல் எங்கே ஏறும், எங்கே மூச்சு வாங்கும் என்பதைத் தானாகவே கணக்கிட்டுப் பழகிவிடுகிறது. அது பெரிய பலம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு வெளியே தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பும் கலைஞனுக்கு வேறொரு குரல் தேவைப்படுகிறது. ‘டிஎம்ஜி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தக் மட்சுமோட்டோ குரூப்பில் அவர் பாட அழைத்தது ‘மிஸ்டர் பிக்’ குழுவின் எரிக் மார்ட்டினை. பேஸ் கிட்டாருக்கு ‘நைட் ரேஞ்சர்’ குழுவின் ஜாக் பிளேட்ஸை. இருவரும் அமெரிக்கர்கள், தத்தம் குழுக்களில் பெயர் பெற்றவர்கள். மார்ட்டினின் குரலில் ஒரு கரகரப்பும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையின் குழைவும் உண்டு. அந்தக் குரலுக்குக் கீழே அதே கிட்டார் ஒலிக்கும்போது, கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கூட அவசரமில்லாமல் நடக்கிறது. பாட்டுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், சொல்லின் அசைகள் விழும் இடமே மாறி, மெட்டின் நடையும் மாறிவிடுகிறது.

2004இல் ஓர் ஆல்பமும் ஒரு சுற்றுப்பயணமும் முடிந்தபின் அவர் தம் குழுவுக்குத் திரும்பினார். டிஎம்ஜியின் இரண்டாவது ஆல்பம் வந்தது 2024இல். இருபது ஆண்டுகள் ஒரு குழுவைக் கலைக்கவும் செய்யாமல், அவசரப்பட்டு ஓட்டவும் செய்யாமல் வைத்திருந்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லோருக்கும் அத்தகைய காலம் வாய்ப்பதில்லை. ‘எக்ஸ் ஜப்பான்’ குழுவின் கிட்டார் கலைஞர் ஹிதே, அமெரிக்க, ஆங்கிலேயக் கலைஞர்களோடு சேர்ந்து ‘ஸில்ச்’ என்ற தனிக்குழுவைப் பார்த்துப் பார்த்து உருவாக்கினார். 1998 மே 2ஆம் தேதி அவர் இறந்துபோக, அதன் முதல் ஆல்பம் அவர் மறைவுக்குப் பிறகு அந்த ஜூலையில்தான் கடைக்கு வந்தது.

கேள்வி: மட்சுமோட்டோவின் தனி முயற்சிகளில் முதலில் எதைக் கேட்கலாம்?
— ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: டிஎம்ஜியை அல்ல, 2010இல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டனோடு சேர்ந்து வெளியிட்ட ‘டேக் யுவர் பிக்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அதில் பாட்டே இல்லை, முழுவதும் வாத்திய இசை. 2011இல் சிறந்த பாப் வாத்திய இசை ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. கார்ல்டன் ஜாஸ் வழியில் வந்தவர், ‘ஸ்டீலி டான்’ என்ற அமெரிக்கக் குழுவின் ஆல்பங்களில் வாசித்து உலகப் புகழ் பெற்றவர், மட்சுமோட்டோவை விட வயதில் மூத்தவர்.

இரண்டு கிட்டார்களையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். மட்சுமோட்டோ பெரும்பாலும் வாசிப்பது கிப்சன் லெஸ் பால். உள்ளே கூடு இல்லாத கட்டை, ஆகவே ஸ்வரம் தடித்து, நெடுநேரம் அணையாமல் நிற்கும். கார்ல்டனின் அடையாளமான கிப்சன் 335இல் நடுவில் மட்டும் கட்டை, இருபுறமும் கூடு. அதனால் ஸ்வரத்தில் காற்றோட்டம் கலந்து, சீக்கிரம் வட்டமாக முடிந்துவிடும். ஹெட்போனில் கேட்டால் முதல் உருப்படியிலேயே பிடிபட்டுவிடும். நம் பக்கத்துக் கோயில்களில் இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பதும், மூத்தவர் வாசிக்கையில் இளையவர் அடங்கி நிற்பதும் புதிதாகவே இராது. கோடிக்கணக்கில் விற்ற குழுவின் தலைவர் இங்கே பாதி நேரம் துணைக்கு வாசிக்கிறார். என் கணிப்பில் அவருடைய மிக அழகான வாசிப்பு அந்தத் துணை வாசிப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: தர்மபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பல ஆண்டுகளாக லீட் கிட்டார் வாசிக்கிறேன். சினிமாப் பாட்டின் பிட்டுகளை மட்டுமே வாசித்துச் சலித்துவிட்டது. நண்பர்கள் இருவரோடு சொந்த மெட்டுகள் வாசிக்கலாம் என்று சொன்னதும், “இங்கே கற்றதை வெளியே விற்கப் போகிறாயா?” என்று குழுத்தலைவர் கோபப்பட்டார். குழுவை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: விடாதீர்கள் தம்பி. உங்கள் தலைவரின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தேதிப் பயம். மாரியம்மன் பண்டிகைக்கு முன்பணம் வாங்கிய பிறகு லீட் கிட்டார் வரவில்லை என்றால், ஊர்க்காரர்களிடம் தலைகுனிந்து நிற்பவர் அவர்தான். ஆகவே சொந்த முயற்சிக்குப் பண்டிகைக் காலத்தைத் தொடமாட்டேன் என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கல்யாண வரவேற்புகள் குறையும் புரட்டாசியும் மார்கழியும் உங்களுக்குப் போதும்.

இன்னொன்று, குழுவிலுள்ள கீபோர்டு கலைஞரையும் ரிதம் பேட் வாசிப்பவரையும் உங்களோடு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மட்சுமோட்டோ டிஎம்ஜிக்கு முன்வரிசை ஆட்களை வெளியிலிருந்து அழைத்ததற்கு இசைக் காரணம் இருந்தது என்று மேலே எழுதினேன். உங்களுக்கும் அது பொருந்தும். தினமும் சேர்ந்து வாசிப்பவர்களோடு உட்கார்ந்தால், கை பழைய பிட்டுக்கே ஓடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தவில் வாசிக்கும் இளைஞரோ, தேவாலயப் பாடற்குழுவில் பேஸ் வாசிப்பவரோ கிடைத்தால் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழு வாசிக்கும் அதே வரவேற்புகளுக்குக் குறைந்த தொகை சொல்லிப் போகவும் வேண்டாம்; அப்படிச் செய்தால் தலைவர் கேட்ட கேள்வி நியாயமாகிவிடும்.

மூன்று மெட்டுகள் தயாரானதும் முதலில் அவரையே அழைத்து வாசித்துக் காட்டுங்கள். கச்சேரி தொடங்குமுன் கூட்டம் சேர்வதற்காக எல்லாக் குழுக்களும் ஒரு வாத்திய இசை வாசிப்பது வழக்கம்தானே. அந்த இடத்தில் உங்கள் மெட்டு ஒன்றை வாசிக்க அனுமதி கேளுங்கள்.