கண்ணும் மைக்கும் ஒரே அறையில்

அன்புள்ள ஐயா,

மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையம் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். 2008 நவம்பர் 26 இரவு அங்கே பயங்கரவாதத் தாக்குதலில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். இப்போது முகமறியும் கேமராக்கள் வந்துவிட்டன. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் இனி அப்படி நடக்காதுதானே?

ஆர்., டோம்பிவிலி

அன்புள்ள ஆர்.,

தினமும் அந்த நடைமேடையில் கால் வைக்கிறவருக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். முகமறிதலும் பட்டியலில் உள்ள முகத்தைத்தான் அறியும். கராச்சியிலிருந்து கடல்வழி வந்தவர்களின் முகம் எந்தப் பட்டியலில் இருந்திருக்கும்?

முன்பின் தெரியாதவரைப் படத்தில் அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும். அகலத்தில் 1920 பிக்சல் உள்ள கேமரா ஏழரை மீட்டர் வாசலுக்குத்தான் தாங்கும். 20 மீட்டர் கூடத்தை அதில் அடக்கினால் மீட்டருக்கு 96தான் மிஞ்சும். தெரிந்தவரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. உயரக் கம்பத்தில் கட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். வெயில் பார்த்த வாசலில் படத்தில் முகம் இருண்டுபோகும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. நான் மன்றாடிக் கேட்பது வேறு. ஆபத்தைப் பார்த்தவர் யாரிடம், எதன்மூலம் சொல்வார்?

அன்றிரவு புறநகர் ரயில் பகுதியில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையிலிருந்தே ஆபத்தைப் பார்த்தார். மைக் கையருகே இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளியேறுங்கள் என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். பலர் பிழைத்தார்கள்.

2017 மே 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர் இசை அரங்கம். குண்டு வைத்திருந்தவன் கேமராவுக்கு எட்டாத இடைமாடியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்த ஒருவர் சந்தேகப்பட்டு ஊழியரிடம் சொன்னார். அந்த ஊழியரிடம் வாக்கிடாக்கி இல்லை. அவர் விஷயத்தைச் சொன்ன அரங்கப் பாதுகாவலரிடம் அது இருந்தது, ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு அவரால் பேச முடியவில்லை. குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். கண்ணும் மைக்கும் பிரிந்து கிடந்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே நிலைய நிர்வாகத்திடம் இப்படிக் கேளுங்கள்: திரைக்கு முன் உட்காருகிறவரின் மேசையிலேயே ஒலிபெருக்கி மைக் வையுங்கள். மேலதிகாரியைக் கேட்காமல் அறிவிக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அவசரத்துக்கென வாக்கிடாக்கியில் ஒரு அலைவரிசையைக் காலியாக வையுங்கள். மாதம் ஒருமுறை ஊழியர் ஒருவர் பையோடு ஒவ்வொரு மூலையிலும் போய் நிற்கட்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வர எத்தனை நொடி என்று குறியுங்கள். பத்து நிமிடம் நின்றும் குரல் வராத மூலை எதுவோ, அடுத்த கேமராவை அங்கே மாட்டச் சொல்லுங்கள்.