கேள்வி-பதில்: டேபிள் சா ஃபென்ஸுக்குத் தேக்கா, பைப்பா, அலுமினியமா?

கேள்வி: வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு, சின்னதாக மரவேலை செய்கிறேன். 10 அங்குல பிளேடு உள்ள டேபிள் சா (மேசை நடுவில் வட்ட ரம்பம் சுழலும் மெஷின்) வாங்கினேன். கூடவே வந்த ஃபென்ஸ் (பலகையை அணைத்துத் தள்ளும் நேர்ச் சட்டம்), பூட்டிய பிறகும் பின்பக்கம் ஆடுகிறது. வெட்டிய ஓரம் கருகுகிறது. நானே ஒன்று செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். கையில் பழைய தேக்குச் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) பைப் என்கிறார், நண்பர் அலுமினியம் என்கிறார். எதை வாங்குவது?
- அம்மாபேட்டை வாசகர்

பதில்: அலுமினியம். ஆனால் அதற்கு முன் அந்தக் கருகலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கி ஒதுங்கினால், பலகை இரண்டுக்கும் நடுவில் இறுகும். முதலில் கருகும், அப்புறம் ஒரு நாள் பலகை உங்கள் வயிற்றைப் பார்த்து எகிறும். புது ஃபென்ஸ் தயாராகும்வரை அந்த மெஷினில் நீளவாக்கில் கிழிக்காதீர்கள்.

தேக்குச் சட்டம் நன்றாக உலர்ந்துதான் இருக்கும், மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும். இருந்தாலும் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் இழுக்கும் மரம் அது. மூன்றடி நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலே வேலை கெட்டது. அதை ஒரு நல்ல ஸ்டூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். பைப்பின் உறுதியில் குறை சொல்ல முடியாது. 2 அங்குலச் சதுர பைப், 2 மி.மீ. கனத்தில், மூன்றடிக்கு ஏறத்தாழ 2.8 கிலோ வரும். தொல்லை வெல்டிங்கில்தான். ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தால், ஆறும்போது அந்தப் பக்கம் இழுத்து, நேராக வாங்கிய பைப் வளைந்து நிற்கும். அதைத்தான் வாங்குவேன் என்றால் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். இன்னொன்று, கை தவறி பிளேடு அதில் பட்டால் கார்பைடு பற்கள் உடையும். அலுமினியமாக இருந்தால் பெரும்பாலும் ஒரு கீறலோடு போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செய்யும் உருக்காலை உள்ள சேலத்தில் இருந்துகொண்டு ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்கிறாரே என்று சிலர் கேட்கலாம். துளை போடும்போதே இறுகிக்கொண்டு டிரில் பிட்டைத் தின்னும், விலையும் கூட. ஃபென்ஸுக்கு அதனால் தனி லாபம் எதுவும் இல்லை.

சரி, அலுமினியத்துக்கு வருவோம். நீங்கள் கேட்க வேண்டியது, ஆபீஸ் தடுப்பு, கடை முகப்பு வேலைகளுக்குப் போடும் உள்ளே கூடான 4 அங்குலத்துக்கு 1¾ அங்குல செக்‌ஷன். வெளி அளவு ஒன்றேதான், உள்ளே தகட்டின் கனம் மட்டும் வேறு வேறாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கிலோ கணக்கில் விற்பதால் தராசே காட்டிக் கொடுத்துவிடும்: 2 மி.மீ. கனம் என்றால் மூன்றடித் துண்டு 1.4 கிலோ அளவில் நிற்க வேண்டும். 700 கிராம்தான் காட்டுகிறதா? அது 1 மி.மீ. தகடு, கிளாம்பை இறுக்கினாலே அமுங்கும். 2 மி.மீ.க்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

முழு நீளமும் வாங்கத் தேவையில்லை. ஜன்னல், தடுப்பு வேலை செய்யும் பட்டறைகளில் மூன்றடி, நாலடி வெட்டுத் துண்டுகள் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். அங்கேயே கனமான கண்ணாடி ஷீட்டும் இருக்கும். அனுமதி கேட்டு, துண்டை அதன்மேல் படுக்கவைத்து, அடியில் சாதாரண ஏ4 தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ஒரு தாள் நுழைந்தால் பரவாயில்லை. மூன்று தாள் சேர்ந்து நுழைந்தால் வேறு துண்டு கேளுங்கள். எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்தும்போது டக்டக்கென்று ஆடினால், அது முறுக்கு. முறுக்கை நீங்கள் வீட்டில் சரிசெய்ய முடியாது. நான்கு பக்கமும் பார்த்து, நல்ல பக்கத்தில் பேனாவால் குறியிட்டு விடுங்கள். பிளேடைப் பார்த்து நிற்க வேண்டியது அதுதான்.

மேல்பூச்சு இல்லாத அலுமினியம் வெளிர் மரத்தில் சாம்பல் கறை பூசும். அதனால் 12 மி.மீ. பிளைவுட்டில் மைக்கா ஒட்டி முகமாகத் திருகிக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாட்டும்போது மெஷின் மேசையிலுள்ள மைட்டர் பள்ளத்துக்கு (பிளேடுக்குப் பக்கத்தில் முன்பின்னாக ஓடும் நீளப் பள்ளம்) இணையாக வையுங்கள். பின்முனை ஒரு தாள் அளவு பிளேடைவிட்டு விலகியிருந்தால் தப்பில்லை, உள்ளே மட்டும் வரக்கூடாது.

கேள்வி: எஸ்டேட்டில் காபிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரத்தை அறுத்து வைத்திருக்கிறோம். அதில் ஃபென்ஸ் செய்யலாமா?
- ஏற்காடு வாசகர்

பதில்: வேண்டாம். மலையில் மூடுபனி, ஈரம். அங்கே உலர்ந்ததாகத் தோன்றும் பலகை, கீழே இறக்கினால் இன்னும் காயும், வளையும். மரத்தில்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள (ஈரம் தாங்கும் மரைன்) பிளைவுட், 18 மி.மீ.யில் இரண்டை, ஒன்றின் வளைவு மற்றதற்கு எதிராக இருக்கும்படி ஒட்டுங்கள். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் வார்னிஷ் கொடுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பக்கமே போகாதீர்கள், உங்கள் ஊர் ஈரத்துக்கு ஓரம் உப்பிவிடும். சில்வர் ஓக்கைத் தள்ளுகட்டை (கை பிளேடு பக்கம் போகாமல் பலகையைத் தள்ளும் கட்டை) செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வாங்கிய செக்‌ஷன் முறுக்காக இருந்தால்?
- குகை வாசகர்

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர வேண்டும். மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் கடையில் பேசிப் பாருங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன அளவில் அவர் சரியாக வெட்டிக் கொடுத்து, அளவு உங்களுக்குத் தப்பாகிப்போனால், அது கடைக்காரர் தலையில் விழாது.