யால்டாவைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

வணக்கம் சார்,

சனிக்கிழமை மகளோடு வந்திருந்தபோது, அவள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு, ஸ்டாலினும் சர்ச்சிலும் எதற்காகப் பகைத்துக்கொண்டார்கள் என்று படிக்கப் போகிறேன் என்கிறாளே, இதற்கு யார் மேடம் சம்பளம் கொடுப்பார்கள்?" அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். நானும் ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். 1945 பிப்ரவரியில், கருங்கடல் ஓரத்து யால்டாவில் அமெரிக்காவின் ரூஸ்வெல்ட், பிரிட்டனின் சர்ச்சில், சோவியத் ரஷ்யாவின் ஸ்டாலின் மூவரும் எட்டு நாள் கூடிப் பேசி வெளியிட்ட அறிக்கையில் போலந்தைப் பற்றிய பகுதி அது. கூடிய விரைவில் தடையற்ற, சுதந்திரமான தேர்தல் நடத்தப்படும் என்று அதில் இருக்கிறது. படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "தேதியே போடவில்லையே மேடம்? தேர்தலை யார் மேற்பார்வை பார்ப்பார்கள் என்றும் இல்லையே?"

சார், ரூஸ்வெல்ட்டின் ராணுவ ஆலோசகர் அட்மிரல் லேஹி யால்டாவிலேயே அவரிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ரப்பர் போன்ற வாசகம் இது, யால்டாவிலிருந்து வாஷிங்டன் வரை இழுத்தாலும் ரஷ்யர்கள் மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது என்றார் அவர். ரூஸ்வெல்ட்டுக்கும் அது தெரிந்தே இருந்தது. போலந்துக்காக இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று பதில் சொன்னார். ரஷ்யாவின் செம்படை அப்போதே போலந்துக்குள் நின்றுகொண்டிருந்தது. இல்லாத தேதி உங்கள் மகளின் கண்ணில் பட்டது. பயிற்சி கொடுத்தும் பலருக்கு வராத பார்வை அது.

அவள் படிக்க நினைப்பது ராஜாக்களின் பெயரையும் வருடங்களையும் மனப்பாடம் செய்யும் படிப்பு இல்லை. நான்கு வருடம் தோளோடு தோள் நின்று ஹிட்லரை வீழ்த்தியவர்கள், அடுத்த நான்கு வருடத்தில் எதிரெதிர் முகாம்களில் போய் நின்றது எப்படி என்பதை, கடிதம் கடிதமாக, கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கும் படிப்பு. 1945 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியின் எல்பா ஆற்றங்கரையில் அமெரிக்கச் சிப்பாய்களும் ரஷ்யச் சிப்பாய்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதே நாளில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. மாநாடு தொடங்கியது. மூன்று வருடம் சற்றே தாண்டியிருக்கும், 1948 ஜூன் மாதம் அதே ரஷ்யா, தன் பிடியிலிருந்த பகுதிக்கு நடுவே மேற்கு நாடுகளின் பொறுப்பில் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் நிலக்கரியையும் மாவையும் விமானத்தில் கொண்டுபோய் அந்த ஊரைக் காப்பாற்றின.

இடையில் என்ன நடந்தது? இந்த இடத்தில்தான் எனக்கே இந்தப் படிப்பின் மேல் தனி மரியாதை. 1946 பிப்ரவரியில் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஜார்ஜ் கென்னன் ஒரு நீண்ட தந்தி அனுப்பினார். ரஷ்யர்களுக்குக் காலங்காலமாக வெளியுலகத்தின் மேல் பயம், அந்தப் பயத்தால் விரிந்துகொண்டே போவார்கள், அவர்களோடு நிலையான சமாதானம் வராது என்பது அதன் சாரம். அதே வருடம் செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நோவிகோவ் மாஸ்கோவுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அமெரிக்கா உலகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது, ஊருக்கு ஊர் ராணுவத் தளம் கட்டுகிறது என்று எழுதினார். இரண்டு பேருமே எதிரில் இருப்பவரிடம் ஆதிக்க ஆசையைக் கண்டார்கள். தன் பக்கம் செய்வது எதிராளியின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று இருவருமே பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து 1947. அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல், போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்குப் பண உதவி என்று அறிவித்தார். சோவியத் அமைச்சர் மொலோடோவ் ஏறக்குறைய நூறு ஆலோசகர்களைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வந்தார். வேண்டாம் என்று சொல்வதற்கு அத்தனை பேர் எதற்கு? வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பொருளாதாரக் கணக்கைப் பொதுவில் வைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரே திட்டம் போட வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஜூலை 2 அன்று மொலோடோவ் எழுந்து போய்விட்டார். அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாக்கியாவும், மாஸ்கோவின் நெருக்கடியால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. இரு முகாம்களுக்கும் நடுவே கோடு விழுந்தது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். பெர்லின் அடைப்பும், 1949-இல் நேட்டோ ராணுவக் கூட்டணியும் அந்தக் கோட்டின் மேலேயே எழுந்த சுவர்கள்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன்.

பி.ஏ. வரலாறோ அரசியல் அறிவியலோ மட்டும் முடித்தால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம்தான். அதை மறைக்க மாட்டேன். சர்வதேச உறவுகள் போன்ற துறையில் முதுகலையும், கூடவே ஒரு வெளிநாட்டு மொழியும் வேண்டும். சென்னையில் ரஷ்ய மொழியை ரஷ்ய கலாசார மையத்திலும், ஜெர்மனை கோதே நிறுவனத்திலும் படிக்கலாம். கல்லூரி முதல் வருடத்திலேயே சேர்த்துவிடுங்கள், மூன்று வருடத்தில் கை வந்துவிடும். முதுகலைக்கு டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தின் சர்வதேசக் கல்வித் துறை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறைப் படிப்பையும் பாருங்கள்.

இந்திய வெளியுறவுப் பணிக்கு எந்தப் பட்டமும் போதும், 21 வயது நிரம்பியிருந்தால் யூ.பி.எஸ்.சி. எழுதலாம். முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளிலேயே உலகப் போர்கள் பாடத்தில் இருக்கின்றன. அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாகவும் உண்டு. ஆனால் அந்தப் பணிக்கு வருடத்துக்கு எடுப்பது சில பத்துப் பேரைத்தான். அதை மட்டுமே நம்பி ஐந்தாறு வருடம் வீட்டில் உட்கார விடாதீர்கள். பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு, மொழிபெயர்ப்பு, ஆய்வு நிறுவனங்கள், நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலை, எந்த நாட்டின் மேல் என்ன தடை என்று பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படும் ஏற்றுமதி நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் சாப்ட்வேர் வேலையைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்கு நீங்களும் தயாராக வேண்டும்.

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எட்டுமா" என்றும் கேட்டீர்கள். நான் சொன்ன அந்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியா சார்பாக ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார், சென்னையின் நீதிக்கட்சியில் வளர்ந்தவர். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவர்தான்.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், அது இருக்கட்டும், இப்போதே ரத்து செய்ய வேண்டாம். அடுத்த சனிக்கிழமை அவளை மறுபடி கூட்டி வாருங்கள். கென்னன் எழுதியதிலும் நோவிகோவ் எழுதியதிலும் நாட்டின் பெயர்களை மறைத்துச் சில பக்கங்களை நகலெடுத்து வைக்கிறேன். எது யார் எழுதியது என்று அவள் கண்டுபிடிக்கட்டும். இந்த முறை நீங்கள் வெளியே போக வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.