கேட்டதும் சொன்னதும்: விளையாட்டு அறிவியல் படிப்பு

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்திருக்கும் என் மகள் பள்ளியில் 400 மீட்டர் ஓடியவள். பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "ஓடியாடுவதற்கு ஒரு பட்டமா?" என்கிறார் என் கணவர். வெளிநாட்டுக் கையேடுகளில் இதையே 'கினிசியாலஜி' என்று போட்டிருக்கிறார்கள். இதில் என்னதான் கற்பிக்கிறார்கள், ஐயா? படித்து முடித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆகலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், பெயரில் 'விளையாட்டு' என்று இருந்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். கினிசியாலஜி என்பது அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மனித உடல் எப்படி அசைகிறது, அந்த அசைவு உடலை எப்படி மாற்றுகிறது என்பதை ஆராய்வதே இத்துறை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கினிசியாலஜி, விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே புலத்தின் பெயரில் இடம்பெற்றுள்ளன. நம் மலேசியாவில் இவை பெரும்பாலும் 'சைன்ஸ் சுக்கான்' (மலாயில் விளையாட்டு அறிவியல்) என்ற பெயருக்குள் அடங்கிவிடும்.

உங்கள் மகளிடம் பள்ளியில் செய்த 'செகாக்' என்னும் உடல்திறன் சோதனையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தாளத்துக்கேற்ப 3 நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து நாடித்துடிப்பை எண்ணியிருப்பாள். பள்ளியில் அந்த எண்ணை எழுதிக்கொண்டதோடு வேலை முடிந்தது. பல்கலைக்கழகத்தில் அந்த எண்ணிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது. ஒரே பெஞ்சில் ஒரே வேகத்தில் ஏறி இறங்கிய இரு மாணவிகளில் ஒருத்தியின் இதயம் மட்டும் ஏன் நிதானமாகத் துடிக்கிறது? தொடர்ந்து பயிற்சி செய்தவளின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியே தள்ளுவதால், அதே வேலைக்குக் குறைந்த துடிப்புகளே அதற்குப் போதுமாகின்றன. 400 மீட்டரின் கடைசி வளைவைத் தாண்டியதும் கால்கள் கல்லாய்க் கனப்பது ஏன் என்பதையும் அவள் அங்கேதான் விளங்கிக்கொள்வாள்.

பொழுதுபோக்கு என்றதும் சினிமாவை நினைத்துவிட வேண்டாம். தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பதும், நீந்துவதும், காட்டுப் பாதையில் மலையேறுவதும் இதில் அடங்கும். இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்ததை பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரெமி மோரிஸும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்டார்கள். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுகளுக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துப் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அதற்குத் தனிப் பட்டம் உண்டு. அத்தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. மகளின் மனத்தில் இருப்பது அதுதான் என்றால், விண்ணப்பம் செய்வதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலேயே படிக்க விரும்பினால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப் புலம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் கல்வியும் சேர்ந்து வரும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்றதும் பினாங்கு என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் இப்படிப்பை நடத்துவது கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள சுகாதார வளாகத்தில். வேலை என்றால் எல்லாரும் புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தையே காட்டுவார்கள். அந்த ஒரு வாசலை மட்டும் நம்பி யாரும் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கணவரிடம் ஒரு பெயரையும் நினைவூட்டுங்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3 தங்கம் வென்ற நம் நாட்டு ஓட்டக்காரர் எம். ஜெகதீசன் ஒரு மருத்துவர். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது.

கேள்வி: பத்துமலையின் 272 படிகளை ஏறும்போது மூச்சு வாங்குகிறது; இறங்குவது சுலபமாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான் என்கிறான், விளையாட்டு அறிவியல் படிக்கும் என் பேரன். தாத்தாவைக் கேலி செய்கிறானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கெப்போங்

பதில்: கேலி இல்லை ஐயா, பேரன் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. மூச்சுக்கு வேலை குறைவு; தசை நார்களுக்கோ அதிக இழுவிசை. அதனால் உண்டாகும் நுண்ணிய சிதைவுதான் 1 முதல் 3 நாள்களுக்குள் வலியாக உச்சம் காண்கிறது. இதற்கு 'லாக்டிக் அமிலம்' காரணம் என்று பலரும் சொல்வது தவறு. அது ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். அடுத்த வாரமும் போய் வாருங்கள், வலி குறைந்திருக்கும். வலி தசையில் இல்லாமல் முழங்கால் மூட்டில் இருந்தாலோ, வீக்கம் கண்டாலோ, பேரனை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. இத்துறையில் சேரலாமா?
– மாணவன், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சேரலாம், ஆனால் கணக்கிடமிருந்து தப்பிக்க முடியாது, தம்பி. உடலசைவின் விசைகளை ஆராயும் உயிரியங்கவியல் பாடத்தில், விசையை அளப்பதற்காகத் தரையில் பதித்த விசைத் தகட்டின் மேல் ஒருவர் குதிப்பார். அவர் தரையைத் தள்ளிய விசைக்குச் சமமாகத் தரை அவரைத் திருப்பித் தள்ளியதைத் திரையில் ஒரு கோடாகப் பார்ப்பீர்கள். அந்தக் கோட்டிலிருந்து அவர் எவ்வளவு உயரம் எழும்பினார் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.