“வயசாயிருச்சு” என்று எப்போது சொல்லலாம்? – வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து முதுமை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதியோர் மருத்துவம், இயன்முறை சிகிச்சை, கண், காது என அந்தந்தத் துறையினர் பதில் தந்திருக்கிறார்கள்.

எனக்கு 61 வயது. சின்ன வயசிலிருந்து நாட்டுப்படகுத் தொழில். “இனிமே நீங்க கரையிலேயே இருங்கப்பா” என்கிறான் மகன். வலை இழுக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. எந்த வயதில் ஒரு மனுசன் கிழவன் ஆகிறான்?
– வாசகர், தங்கச்சிமடம்

சட்டத்தைக் கேட்டால் 60. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) அப்படித்தான் வரையறுக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 60க்கு ஒரு சலுகை, 80க்கு இன்னொன்று. பிறந்த தமிழ் வருடத்தின் பெயர் திரும்பி வருவதும் 60 முடியும்போதுதான்.

மக்களைக் கேட்டால் கணக்கு வேறு. ஜெர்மனியில் 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் 1996 முதல் 2021 வரை இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். 64 வயதில் இருந்தவர்கள் சராசரியாக “75 ஆனால் முதுமை” என்றார்கள். 74 வயதை எட்டியபோது “77” என்றார்கள். வயது ஏற ஏற எல்லையும் தள்ளிப் போகிறது. ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு வருடம் போலத் தள்ளிச் சொன்னார்கள். தனிமையில் இருப்பவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொன்னார்கள். இது அந்த நாட்டுக் கணக்கு. நம் கரையில் “அவரு கடலுக்குப் போறதை நிப்பாட்டிட்டாரு” என்ற பேச்சு எழும் நாள்தான் முதுமையின் முதல் நாளாகிவிடுகிறது.

எங்கள் கவலையும் அங்கேதான். எந்த வேலையை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவரானது 70 வயதில். முக்குளித்துப் பிழைப்பவருக்கு 50லேயே யோசிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. ஆகவே உங்கள் வயதை விட்டுவிட்டு, கால் பலத்தையும், தடுமாறாமல் நிற்கும் நிதானத்தையும் சோதித்துப் பார்ப்போம்.

கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மணலில் போட்டால் கால் புதையும். சிமெண்ட் தரை வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். 60-64 வயது ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. 65-69க்கு 12, 11. 70-74க்கு 12, 10. இதற்குக் குறைந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது நிதானம். ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் நின்று, எதையும் பிடிக்காமல் 10 விநாடி தாங்க வேண்டும். படகில் போகிறவர்களுக்கு நாற்காலிச் சோதனையைவிட இதுதான் முக்கியம். தோளில் பலம் இருக்கும், வலை வரும். ஆனால் அலை தூக்கும்போது அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்பவரைக் காப்பாற்றுவது நிதானம்தான். இரண்டிலும் தேறினால் மகனிடம் பேச உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் தவறினால் கடலுக்குப் போவதையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அணியத்தையும் விளிம்பையும் இளையவர்களுக்கு விட்டு, உட்கார்ந்து செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் செருப்பு உரசினால் தெரியாத அளவு மரத்துப்போயிருந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். நிதானம் போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

கரையில் இருப்பதென்று முடிவானாலும் கால் சும்மா இருக்கக் கூடாது. நாற்காலியில் எழுந்து உட்காருவதை 10 முறை வீதம் இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள் செய்யுங்கள். தசை 80, 90 வயதிலும் பலம் பிடிக்கும். அதற்குப் புரதம் வேண்டும்: எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 60-72 கிராம். 100 கிராம் மீனில் 18-20 கிராம் கிடைக்கிறது. மீன் நம் வீட்டில் மதியம் மட்டும்தான். காலையும் இரவும் கஞ்சியோ இட்லியோ. மூன்று வேளைக்கும் பிரித்து, காலையில் முட்டையோ பயறோ, இரவில் மிச்ச மீனோ சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வயது 47. வலை பொத்தும்போது கண்ணி தெரியவில்லை, ஊசி தவறுகிறது. திருவிழாக் கடையில் வாங்கிய கண்ணாடி போட்டால் தலைவலி. இது கிழத்தனத்தின் ஆரம்பமா?
– வாசகர், தேவிபட்டினம்

வெள்ளெழுத்து. 40-45இல் எல்லோருக்கும் வரும்; கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்துப் பொருளுக்கு வளைந்து கொடுக்காமல் போவதால் வருகிறது. பார்வை மங்கிவிட்டது என்று வலையை ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை.

தலைவலிக்குக் காரணம் கண்ணாடியின் பவர் உங்கள் வேலைக்குப் பொருந்தாததாக இருக்கலாம். செய்தித்தாளை 40 செ.மீ. தூரத்தில் பிடிப்போம்; வலை ஒரு முழத்துக்கும் சற்றுத் தள்ளியே இருக்கும், 55 செ.மீ. வரை. படிக்க +1.50 தேவைப்படுபவருக்கு அந்தத் தூரத்துக்கு +0.75 அல்லது +1.00 போதும். பவர் கூடினால் வலையை மூக்குக்கு அருகே கொண்டுவர வேண்டியிருக்கும், கழுத்தும் பிடிக்கும். கடைக் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். உங்களுக்கு இரண்டும் வேறாக இருக்கலாம். கண் சோதனைக்குப் போகும்போது கிழிந்த வலைத் துண்டையும் ஊசியையும் எடுத்துப் போங்கள். வேலை செய்யும் தூரத்தில் பிடித்துக் காட்டி, அதற்குப் பவர் கேளுங்கள்.

அதே நேரத்தில் கண்ணின் மூக்குப்பக்க மூலையிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலிலும் காற்றிலும் கடலில் கிடப்பவர்களுக்கு அது அதிகம். அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குளிர்க்கண்ணாடியும் அதைத் தள்ளிப்போடும்.

அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. ஆதாரில் வயது குறைவாக இருப்பதால் முதியோர் உதவித்தொகைக்கு மனு எடுக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, தொண்டி

ஆதார் எடுத்தபோது சான்று இல்லாத பலருக்கு வாயால் சொன்ன வருடமே பதிவானது. பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புத்தான் தருகிறார்கள். அவசரப்பட்டுத் தவறாகத் திருத்தினால் பிறகு சிக்கல். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் எது இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் வயது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். அதன்பின் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

53 வயது. பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறேன். முட்டி வலிக்கிறது, சில நாள் காது அடைக்கிறது. “வயசாயிருச்சு, விட்டுருங்க அத்தை” என்கிறாள் மருமகள். விட்டால் கையில் காசு இருக்காது.
– வாசகி, சின்னப்பாலம்

முட்டியையும் காதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அம்மா.

நீருக்குள் இருக்கும்போது உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. முட்டிக்குப் பாரம் குறைவு. முட்டி தேய்வது கரையேறும்போது. நீர் வடியாத பாசிச் சாக்கைத் தலையில் ஏற்றி மணலில் நடப்பதும், குத்தவைத்து உட்கார்ந்து பாசி பிரிப்பதும்தான் காரணம். சாக்கை நீர் வடியும்வரை போட்டு வைத்து, பாதிப் பாதியாக இரண்டு நடையில் கொண்டு வாருங்கள். பிரிக்கும்போது ஒன்றரை அடி உயர முக்காலியில் உட்காருங்கள். காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். ஒரு காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். தொடையின் முன்தசை உறுதியானால் முட்டி வலி தணியும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிடுவதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை.

காது விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே செவிப்பறை கிழியும் அளவுக்கு அழுத்தம் கூடலாம். சளி பிடித்திருக்கும் நாளில் மூழ்கவே கூடாது. வலி ஆரம்பித்தால் இன்னும் கீழே போகாமல் மேலே வந்துவிட வேண்டும். காதில் நீரோ சீழோ வந்தால் ஆறும்வரை கடல் கிடையாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அதிக நேரம் மூச்சுப்பிடிக்கலாம் என்று நினைத்து, மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிடும். “மேலே வா” என்று உடலுக்குச் சொல்வது அந்த வாயுதான். அது குறைந்தால் மூச்சு முட்டுவதே தெரியாமல் நீருக்குள் மயங்கிவிடுவீர்கள். இரண்டு நிதானமான மூச்சு போதும். துணை இல்லாமல் இறங்காதீர்கள். முன்பு இல்லாத மூச்சு வாங்கலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால், மறுபடி இறங்கும் முன் ரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிடுங்கள்.

கடலை விடாமல் முக்குளிப்பை மட்டும் விட நினைத்தால் மிதவையில் பாசி வளர்ப்பது ஒரு வழி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் 150 கிராம் விதைப்பாசி. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. 45 நாளில் அறுவடை. ஓரா மீன் கடித்துத் தின்னாமல் இருக்க அடியில் வலை கட்ட வேண்டும். கயிறு கயிறாக அவிழ்த்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மொத்த மிதவையை இழுக்கப் போனால் இடுப்பு போய்விடும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் அலை மிதவையை உடைத்துவிடும் என்பதால், அந்த மாதங்களுக்கு வேறு வருமானம் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப்போல் நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது நல்லது.

64 வயது, பனையேறி. பதநீர்க் காலத்தில் இரண்டு வேளையும் ஏறுகிறேன். எழுந்திருக்கும்போது கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?
– வாசகர், சாயல்குடி

விடவே கூடாது. காரணம் தெரியும்வரை ஏறவும் கூடாது. இதை எங்களால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் இருட்டலுக்குக் காரணம் அதுதான். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் மாத்திரை எல்லாமே இப்படி இறக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அளவையோ சாப்பிடும் நேரத்தையோ மாற்றுவார்கள். வயது கூடக் கூடத் தாகம் குறைவாகத்தான் தெரியும். வெயிலில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள்.

எழும்போது இருட்டாமல், படுக்கையில் புரளும்போது தலை சுற்றினால் அது வேறு. உட்காதில் நுண்கற்கள் இடம் மாறியதால் வருவது. காது மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி, சில நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது.

உம்மாவுக்கு 68. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கல்யாண வீட்டுக்கும் வருவதில்லை. “எனக்கு வயசாயிருச்சு, என்னை விடுங்க” என்கிறார். மறதி நோயாக இருக்குமோ?
– வாசகி, கீழக்கரை

முதலில் காதைப் பாருங்கள். வயதில் குறையும் செவி, மெல்லிய உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் இழக்கும். ஆண் குரல் கேட்கும், பேத்தியின் குரல் கேட்காது. பேசுவது தெரியும், சொல் புரியாது. கூட்டத்தில் இது இன்னும் மோசமாகும். கல்யாண வீட்டை அவர் தவிர்ப்பது அதனால் இருக்கலாம். கேட்காததற்குப் பொருந்தாத பதில் சொல்வதை வீட்டார் மறதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

காது அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; எண்ணெய் ஊற்றுவதும் குச்சி விடுவதும் வேண்டாம். அதன்பின் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஒலிமானி சோதனை. காதில் மாட்டும் கேட்புக் கருவி பரிந்துரைத்தால் முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும், நாளுக்கு ஓரிரு மணி நேரம். பிறகு நேரத்தைக் கூட்டி, கடைசியாகக் கூட்டத்துக்கு. எடுத்தவுடன் கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இரைச்சல் தாங்காமல் கருவியைப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம் என்பதால் இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட டப்பாவில் வையுங்கள்.

அவரிடம் பேசும்போது கத்த வேண்டாம். முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். நன்றாகக் கேட்கத் தொடங்கிய பிறகும் நாள், இடம், ஆள் குழம்பினால் மறதிக்கான பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.