கடலில் மறைந்த கிச்சனரை எவ்வாறு நினைவுகூர்கின்றனர்?

கல்லறையே இல்லாத கிச்சனருக்கு எங்கே, எவ்வாறு அஞ்சலி செலுத்துகின்றனர் என்பது கேள்வி.

முதல் உலகப்போர்க்காலப் பிரிட்டனின் போர் அமைச்சராகவே பலரும் அறிந்த கிச்சனர், 1871இல் அரச பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, பாலஸ்தீனத்தையும் சைப்ரஸையும் நில அளவை செய்தவர். சூடான் பாலைவனத்தில் இருப்புப்பாதை அமைத்துப் படையை முன்நகர்த்தியவரும் அவரே. 1916 ஜூன் 5 அன்று ரஷ்யாவுக்குப் புறப்பட்ட அவரது கப்பலான ஹாம்ப்ஷயர், ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளருகே ஜெர்மானியக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. 12 பேர் மட்டுமே பிழைத்தனர். அவரது உடல் கிடைக்கவில்லை.

அவ்விடத்தை நோக்கிய மார்விக் ஹெட் பாறை முனையில் 1926இல் ஆர்க்னி மக்கள் ஒரு கல்கோபுரம் எழுப்பினர். ஆனால் உடன் மாண்ட மாலுமிகள் ஒவ்வொருவரின் பெயரும் அங்கே இடம்பெற, 2016இல் நினைவுச்சுவர் கட்டப்படும்வரை தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அச்சுவரில் ஹாம்ப்ஷயரில் இறந்த 737 பேரின் பெயர்கள் உள்ளன.

என்னை மிகவும் நெகிழச் செய்வது சவுதாம்ப்டனில் உள்ள ஹாலிபுரூக் நினைவிடமே. பதவி வேறுபாடு காட்டலாகாது என்ற, போரில் இறந்தோரின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கைப்படி, தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் நிலையில் இருந்த கிச்சனரின் பெயர் இருக்கும் அதே நினைவிடத்தில்தான், 1917 பிப்ரவரியில் மெண்டி கப்பல் மூழ்கியபோது உயிரிழந்த தென்னாப்பிரிக்கக் கருப்பினத் தொழிலாளர் படையினர் நூற்றுக்கணக்கானோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.