கிராஃப்ட்வெர்க்கின் 'ரேடியோஆக்டிவிட்டி' அணுசக்தியை ஆதரிக்கும் பாடலா, எதிர்க்கும் பாடலா?

ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் உருவான கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக்குழு 1975-இல் பதிவுசெய்த மூல வடிவத்தில் வெளிப்படையான எதிர்ப்பு எதுவும் இல்லை. மேரி கியூரியின் கண்டுபிடிப்பையும் வானொலி அலைகளையும் மோர்ஸ் தந்திக் குறியீட்டு ஒலிகளின் பின்னணியில் ஒருசேரப் பாடிய அந்தத் தனிப்பாடல் எப்பக்கமும் சாயவில்லை. அதனாலேயே அது அணுசக்தியைப் போற்றுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது.

செர்னோபில் அணு உலை விபத்துக்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1991-இல் 'தி மிக்ஸ்' தொகுப்புக்காக அதை மறுபடி உருவாக்கியபோது, அணு விபத்துகளாலும் அணுகுண்டு வீச்சாலும் அறியப்பட்ட செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லஃபீல்டு, ஹிரோஷிமா ஆகிய இடங்களின் பெயர்களை இயந்திரக் குரலில் ஒலிக்கவிட்டு, 'நிறுத்துங்கள்' என்ற கட்டளையைப் பல்லவியில் சேர்த்தார்கள். மெட்டு மாறாமலேயே பொருள் முற்றிலும் திரும்பியதுதான், என் பார்வையில், இப்பாடலின் உண்மையான வலிமை.

1992-இல் மான்செஸ்டரில் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் நடத்திய, பிரிட்டனின் செல்லஃபீல்டு அணு மையத்துக்கு எதிரான நிகழ்ச்சியில் குழுவினர் பங்கேற்றார்கள். 2012-இல் ஜப்பானில் நடந்த அணு உலை எதிர்ப்பு இசைவிழாவில் 2011-இல் அணு உலை விபத்து நிகழ்ந்த ஃபுகுஷிமாவின் பெயரையும் சேர்த்து ஜப்பானிய வரிகளோடு பாடினார்கள்.